காரைக்குடியில் ஒரு பிரெஞ்சு வகுப்பு: மூன்று மாதம் படித்துவிட்டு எழுதுகிறேன்

தங்கும் விடுதிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் "அக்கா, அந்த பிரெஞ்சு கிளாஸ் எப்படி, சேரலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவை விவரமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கானாடுகாத்தான் பக்கம், விருந்தினர் தங்கும் ஒரு பழைய செட்டியார் வீட்டில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது, ஆத்தங்குடிக்கு டைல்ஸ் பட்டறை பார்க்கக் கூட்டிப்போவது, கண்டாங்கிச் சேலை வாங்க உதவுவது எல்லாம் என் பொறுப்பு. மழை விட்டபிறகு எங்கள் வீட்டுக்கு வரும் வெளிநாட்டாரில் முக்கால்வாசிப் பேர் பிரெஞ்சுக்காரர்கள். கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் வீட்டை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் எடுத்துப் புதுப்பித்தது, 2014ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது, இதெல்லாம் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் 'போன்ழூர்', 'மெர்சி' தாண்டி ஒன்றும் தெரியாது. ஆங்கிலத்தில் சொல்வேன், கூட வரும் வழிகாட்டி மாற்றிச் சொல்வார். நான் நான்கு வாக்கியம் சொன்னால் அவர் ஒன்றைச் சொல்வார், அவர்கள் தலையாட்டுவார்கள், முற்றத்தைப் படம் எடுப்பார்கள், அவ்வளவுதான். ஆறு வருடம் இப்படியே போனது.

இடையில் ஒரு ஆன்லைன் வகுப்புக்கு 9,000 ரூபாயை மொத்தமாக முன்பணம் கட்டினேன். இரண்டே மாதத்தில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள், ஒவ்வொருவரும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார்கள். 'என் பெயர் இது, எனக்குப் பூனை பிடிக்கும்' என்பதை மட்டும் மூன்று தடவை படித்தேன். பணம் திரும்ப வரவில்லை. அந்த வயிற்றெரிச்சலோடுதான் இங்கே வந்தேன்.

வகுப்பு நடப்பது செக்காலைப் பக்கம் ஒரு வீட்டில். சனி, ஞாயிறு மாலை 5 மணி முதல் 7 மணி வரை, மூன்று மாதம், 24 வகுப்பு, 6,500 ரூபாய். மாதாமாதம் பிரித்துக் கட்டலாம். டீச்சர் காரைக்காலில் பிறந்து வளர்ந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டோடு இருக்க இங்கே வந்திருக்கிறார். எங்கள் பேட்ச்சில் 11 பேர்: என்னைப்போல விடுதியில் இருப்பவர்கள் ஐந்து பேர், கனடாவுக்குப் போக முயலும் ஒரு நர்ஸ், கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர், அப்புறம் 68 வயதில் ஒரு ஆச்சி. ஆச்சியின் மகன் பாரிஸில் இருக்கிறார். பேத்திக்குத் தமிழ் வரவில்லை, அதனால் தான் பிரெஞ்சு கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்து வந்தவர். வீட்டுப்பாடத்தை ஒருநாள்கூடத் தவறவிடாதவர் அவர் ஒருவர்தான்.

முதல் மூன்று வாரம் ஓசை, எண்கள், அன்றாடப் பேச்சு. நான்காவது வாரம் டீச்சர் கரும்பலகையில் பிரெஞ்சு எழுத்தில் ஒரு பெயரை எழுதி, படிக்கச் சொன்னார். ஏழு எழுத்து. நாங்கள் 'அய்ரால்ட்' என்றோம், 'ஐரௌல்ட்' என்றோம், நர்ஸ் பெண் இன்னொன்று சொன்னார். டீச்சர் கடைசி இரண்டு எழுத்தையும் கையால் அழித்தார், "இது வாயில் வராது" என்றார். நடுவில் இருந்த இரண்டைச் சுற்றி வட்டம் போட்டு "இரண்டும் சேர்ந்து ஓ" என்றார். முதல் இரண்டும் சேர்ந்து ஏ. ஆக மொத்தம் 'ஏரோ', நம் எழுத்தில் இரண்டே எழுத்து. ழான்-மார்க் ஏரோ. "இவர் ஒரு வாத்தியார். இனி மிச்ச வகுப்பு முழுக்க இவரோடுதான் நாம் பிரெஞ்சு படிக்கப்போகிறோம்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை. 2012ல் பிரான்சின் பிரதமரானவர் என்று டீச்சர் சொன்னார். எனக்கு எதற்கு ஒரு பிரதமர்? நான் வீட்டைப் பற்றிப் பேச வேண்டும், காரைவீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பற்றிப் பேச வேண்டும். ஆனால் டீச்சர் பிரதமர் பக்கமே போகவில்லை. அவர் எழுதிவைத்திருந்த 11 பக்கமும் 1989ல் முடிந்துவிடுகிறது. ஒரு மொழி வாத்தியார் தன் ஊருக்கு மேயராக வந்த கதை மட்டும்தான். தன் கையாலேயே எழுதி, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார்.

முதல் பக்கம் பிறப்பு. 1950 ஜனவரி 25, மேற்குப் பிரான்சில் ஷோலே நகருக்குப் பக்கத்தில் மொலேவ்ரியே என்ற சிறிய ஊர். அப்பா விவசாயக் கூலியாக இருந்து நெசவு ஆலைத் தொழிலாளி ஆனவர், அம்மா தையல் வேலை செய்தவர். ஷோலே கைக்குட்டைக்குப் பேர்போன நெசவு நகரம் என்று டீச்சர் சொன்னதும் எனக்குக் கண்டாங்கி ஞாபகம் வந்தது. தறி, நூல், சாயம், கரை என்று அந்த ஒரு பக்கத்திலேயே எனக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் வந்துவிட்டன. கூலி, ஆலை, தையல் என்பதை எல்லாம் ஒரு குடும்பத்தோடு சேர்த்துக் கற்றுக்கொண்டதால் இன்றைக்கும் மறக்கவில்லை. பூனை பிடிக்கும் என்று மூன்று தடவை படித்தவள் சொல்கிறேன்.

அப்புறம் படிப்பு. கிறிஸ்தவக் கிராமப்புற இளைஞர் இயக்கத்தில் இருந்த பையன், நாந்த் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழி படிக்கிறார், ஒரு பருவம் ஜெர்மனியில் வூர்ட்ஸ்பூர்க்கில் போய்ப் படித்துவிட்டு வருகிறார். 1971ல் எபினே மாநாட்டில், பின்னாளில் பிரான்சின் அதிபரான மித்தெரான் சோஷலிஸ்ட் கட்சியைக் கையில் எடுக்கிறார், அதற்குப் பிறகு இவர் கட்சியில் சேர்கிறார். 1972ல் ஆசிரியர் தேர்வு எழுதித் தேறி, ரெசே என்ற ஊரில் ஒரு வருடம் பயிற்சி, பிறகு 1973லிருந்து நாந்துக்கு ஒட்டிய சேன்-எர்ப்ளேன் என்ற ஊரில் ஜெர்மன் வாத்தியார். 1976ல் மாவட்டக் கவுன்சில் உறுப்பினர். 1977 மார்ச்சில் அதே ஊருக்கு மேயர். வயது 27. முப்பதாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊர்களின் மேயர்களில் அவர்தான் அப்போது பிரான்சிலேயே இளையவர்.

இங்கேதான் டீச்சரின் திறமை. பிரெஞ்சில் இறந்தகாலம் இரண்டு வகை, அதில்தான் எல்லோரும் விழுவார்கள். டீச்சர் பலகையில் ஒரு நீளக் கோடு போட்டார். "1973லிருந்து 1986 வரை இவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்" என்று அந்தக் கோட்டின்மேல் எழுதினார். பிறகு கோட்டுக்குக் குறுக்கே ஒரு சின்ன வெட்டு. "1977ல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்." கோடு ஒரு காலம், வெட்டு ஒரு காலம். 'இல் ஆன்ஸென்யே', கோடு. 'இல் அ எத்தே எல்யூ', வெட்டு. தமிழில் '-க்கொண்டிருந்தார்' என்று வாயில் வந்தால் பெரும்பாலும் கோடு, வெறும் '-ஆர்' என்று முடிந்தால் வெட்டு. சரி, எல்லா இடத்திலும் இது பொருந்தாது என்று பின்னால் தெரிந்தது, ஆனாலும் பத்துக்கு எட்டு இடத்தில் இந்தக் கணக்கு என்னைக் காப்பாற்றுகிறது. வீட்டைக் காட்டும்போது "இந்தப் பட்டாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள்" என்பது கோடு, "1910ல் கட்டினார்கள்" என்பது வெட்டு. யோசிக்காமல் வருகிறது.

அந்தக் கோடு ஏன் 1986 வரை நீள்கிறது என்று கல்லூரிப் பையன் ஒருவன்தான் முதலில் கேட்டான். மேயர் ஆனபிறகு எப்படி வாத்தியாராக இருக்க முடியும்? இந்தக் கேள்வியில் அன்றைய வகுப்பு முழுவதும் ஓடியது, எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு அதுதான். நம் ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்தலில் நிற்க வேண்டும் என்றால் வேலையை விட வேண்டும். வாக்குச்சாவடியில் உட்கார்ந்து நம் விரலில் மை வைப்பவர்களில் பாதிப் பேர் வாத்தியார்கள்தான், ஆனால் அவர்களே போட்டியிட முடியாது. அங்கே அரசு ஆசிரியர் ராஜினாமா செய்யாமலே நிற்கலாம், ஜெயிக்கலாம். இவர் ஒன்பது வருடம் மேயராகவும் வாத்தியாராகவும் இருந்தார், 1986ல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனபோதுதான் வகுப்பறையை விட்டார். 1981ல் சோஷலிஸ்ட் கட்சி பெரும்பான்மையோடு வந்தபோது அந்த நாடாளுமன்றத்தில் ஆசிரியர்கள் அவ்வளவு பேர் இருந்தார்கள் என்றும் டீச்சர் சொன்னார்.

அப்போது ஆச்சி வாயைத் திறந்தார். "எண்பத்தாறுலதானே நம்ம ஊர்ல மேலவையைக் கலைச்சாங்க. எங்க வீட்டுல அவுக ஆசிரியர் தொகுதிக்கு ஓட்டுப் போட்டவுக" என்றார். நம்மிலும் பாதிப் பேருக்கு இது தெரியாது. சட்ட மேலவையில் ஆசிரியர்கள் மட்டும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் இருந்தன, 1986 நவம்பரில் மேலவையோடு அதுவும் போனது. பிரான்சில் ஒரு வாத்தியார் சபைக்குள் போன அதே வருடம் நம் ஊரில் வாத்தியார்களுக்கென்று இருந்த வாசல் மூடிவிட்டது. டீச்சர் உடனே ஆச்சியைப் பலகைக்குக் கூப்பிட்டு அதை பிரெஞ்சில் சொல்லவைத்தார். ஆச்சி ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார், 'என் கணவர் ஓட்டுப் போட்டார்' என்பதை வெட்டில் சொன்னார், டீச்சர் "ஒவ்வொரு தேர்தலிலும் போடுவார் என்றால்?" என்றதும் யோசித்துக் கோட்டுக்கு மாற்றினார். நாங்கள் கைதட்டினோம்.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் எழுபத்தேழு என்பது 'அறுபது-பதினேழு'. எண்பத்தொன்பது என்பது 'நாலு-இருபது-ஒன்பது'. வெறும் வாய்ப்பாடாகப் படித்தபோது மண்டையில் ஏறவே இல்லை. 1977ல் சேன்-எர்ப்ளேன் மேயர், 1989ல் நாந்த் மேயர் என்று இரண்டு வருடங்களை ஒரு ஆளோடு முடிச்சுப் போட்டதும் ஏறிவிட்டது. இன்னொரு விஷயமும் அந்தப் பக்கத்தில் உண்டு: இரண்டு ஊரிலும் இவருக்கு முன்னால் மேயராக இருந்தவர் ஒரே ஆள், மிஷேல் ஷோத்தி. 1977ல் சேன்-எர்ப்ளேனில் அவருக்குப் பின் இவர் வந்தார், 1989ல் நாந்திலும் அவருக்குப் பின் இவரே வந்தார். 'முன்னால்', 'பின்னால்', 'அவருக்குப் பதிலாக' என்ற சொற்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

'தூ', 'வூ' பாடமும் அப்படித்தான். நீ, நீங்கள் என்று நமக்கு ஏற்கனவே இருப்பதால் இது எளிது என்று நினைத்தேன். டீச்சர் கேட்டார்: "காலையில் வகுப்பில் பாடம் நடத்தியவர், மாலையில் மேயராக உன் அப்பாவோடு பேசுகிறார். யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள்?" பையன்கள் குழம்பினார்கள். பிறகு நம்மை வைத்தே விளக்கினார். ஆச்சியை நாங்கள் எல்லோரும் 'நீங்க' என்கிறோம், ஆச்சி எங்களை 'நீ' என்கிறார், யாருக்கும் வருத்தமில்லை. அங்கே பெரியவர்களுக்குள் ஒருவர் 'வூ' சொல்லும்போது மற்றவர் 'தூ' சொன்னால் அது மேலிருந்து பேசுவதாகிவிடும். நான் அதுவரை விருந்தினர் வீட்டுக் குழந்தைகளைக்கூட 'வூ' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் டீச்சர் நீலம், வெள்ளை, சிவப்புச் சாக்பீஸ் கொண்டுவந்தார். மேயர் தோளில் குறுக்காகப் போடும் பட்டையை வரைந்தார். மேயர் என்றால் நீலம் கழுத்துப் பக்கம், நாடாளுமன்ற உறுப்பினர் என்றால் சிவப்பு கழுத்துப் பக்கம். அந்தக் காலத்தில் இரண்டு பதவியையும் ஒருவரே வைத்துக்கொள்ளலாம், 2017லிருந்து முடியாது. அந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டு மேயரோ துணை மேயரோதான் கல்யாணம் செய்துவைப்பார். அங்கே நகராட்சி மன்றத்தில் நடப்பதுதான் சட்டப்படி கல்யாணம், சர்ச்சுக்குப் போவதானால் அதற்குப் பிறகுதான். இதைக் கேட்டபோது வெறும் தகவலாக எழுதிக்கொண்டேன். தை மாதத்தில்தான் அது எனக்குக் கைகொடுத்தது.

எங்கள் வீட்டுக்கு வயதான ஒரு பிரெஞ்சுத் தம்பதி வந்திருந்தார்கள். வழிகாட்டிக்குக் காய்ச்சல், வரவில்லை. நானே காட்ட வேண்டியதாயிற்று. முகப்பு, வளவு, முற்றம், பர்மாத் தேக்குத் தூண் எல்லாம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். வளவில் நின்று, கல்யாணத்தில் இசைகுடிமானம் எழுதுவது பற்றிச் சொல்ல வந்தேன். நகரத்தார் கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் அந்த ஒப்பந்தத்துக்கு பிரெஞ்சில் என்ன சொல்வது? திடீரென்று அந்த மூவர்ணப் பட்டை ஞாபகம் வந்தது. "உங்கள் ஊரில் மேயர் முன்னால் கையெழுத்துப் போடுவீர்களே, எங்களுக்கு அது இந்த வளவில், குடும்பத்தார் முன்னால்" என்று சொன்னேன். அந்த அம்மா கையிலிருந்த காபி டம்ளரைத் தூண் ஓரம் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் எண்ணூறு பேர் உள்ள ஒரு கிராமத்தில் துணை மேயராம். அந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டு எத்தனையோ கல்யாணம் நடத்தியிருக்கிறாராம். பிரான்சில் அப்படி ஏறக்குறைய 35,000 ஊராட்சிகள், ஐந்து லட்சம் உறுப்பினர்கள். நம் தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் கிராம ஊராட்சிகள் என்று நானும் சொன்னேன். அப்புறம் நாந்த் பக்கம் ஒரு ஜெர்மன் வாத்தியார் 27 வயதில் மேயர் ஆனதைச் சொன்னேன், பெயரைச் சரியாக 'ஏரோ' என்று சொன்னேன். அவர் கணவரைக் கூப்பிட்டு, "இங்கே வா, இந்தப் பெண் என்ன சொல்கிறாள் கேள்" என்றார். இதைப் புரிந்துகொண்டேன், யாரும் மாற்றிச் சொல்லவில்லை. அன்று வீட்டைக் காட்டி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது.

நடுவில் இன்னொன்று. எங்கள் அய்யா சைகோனில் ஒரு செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாளாக, அதாவது கடைப் பொறுப்பாளருக்கு அடுத்தவராக உயர்ந்தவர். அது அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர். அவருடைய தகரப் பெட்டியில் கிடந்த ஒரு மஞ்சள் தாளை வகுப்புக்கு எடுத்துப்போனேன். டீச்சர் படித்துச் சொல்லவில்லை, என்னையே படிக்கவைத்தார். 'பெற்றுக்கொண்டேன்' என்று மேலே, தொகை அந்த ஊரின் அன்றைய நாணயமான பியாஸ்த்ரில், கீழே அய்யாவின் தமிழ்க் கையெழுத்து. எழுபது வருடமாக வீட்டில் யாருக்கும் புரியாமல் கிடந்த தாள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டீச்சரின் கையெழுத்து அழகுதான், ஆனால் ஜெராக்ஸில் அந்தச் சாய்கோடு, கொக்கி எல்லாம் மங்கிவிடுகிறது. பிரெஞ்சில் ஒரு சாய்கோடு போனால் சொல்லே மாறிவிடும், தட்டச்சு செய்துதர வேண்டும். கேட்டுப் பழக டீச்சர் குரல் மட்டுமே இருக்கிறது. அவர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார், வருகிற விருந்தினர்கள் அப்படிப் பேசமாட்டார்கள், முதல் இரண்டு வாரம் எனக்குத் திகைப்பாகத்தான் இருந்தது. விடுதிக்கு வேண்டிய அறை, துண்டு, பில் போன்ற சொற்கள் மிகக் குறைவு, நான் தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். முகூர்த்த நாளில் வகுப்பு தள்ளிப்போகும், மூன்று மாதம் என்பது எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. சான்றிதழ் தேர்வுக்காகப் படிப்பவர்களுக்கு இது போதாது, நர்ஸ் பெண் இரண்டாவது மாதத்திலேயே சென்னைக்குப் போய்விட்டார், அவருக்கு அது சரியான முடிவு.

இன்னொரு குறை, கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுகிறேன். டீச்சருக்கு அந்த மேயரைப் பிடிக்கும், அது 11 பக்கத்திலும் தெரிகிறது. அவரை எதிர்த்து நின்றவர்கள் என்ன சொன்னார்கள், ஊரில் யாருக்கு அவரைப் பிடிக்கவில்லை, ஏன், இதற்கும் ஒரு பக்கம் வேண்டும். மொழிக்கும் அது நல்லது. மறுத்துப் பேசுவது எப்படி, 'எனக்கு அப்படித் தோன்றவில்லை' என்று மரியாதையாகச் சொல்வது எப்படி என்பது எங்களுக்கு வரவே இல்லை. டீச்சரிடமே சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார்.

யாருக்கு இது சரிப்படும் என்றால், பிரெஞ்சுக்காரர்களோடு முகம் பார்த்துப் பேச வேண்டியவர்களுக்கு. விடுதிப் பிள்ளைகள், கார் ஓட்டுகிற தம்பிகள், டைல்ஸ் பட்டறை, சேலைக்கடை வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். 6,500 ரூபாய்க்கு இது எனக்கு அதிகம் இல்லை. வேலை நேரம் ஒத்துவராதவர்கள் முதலிலேயே பேசிவிடுங்கள், விட்ட வகுப்பை டீச்சர் வார நாளில் அரை மணி நேரம் சொல்லித்தருகிறார், அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. உட்கார நாற்காலி எட்டுதான் இருக்கிறது, முதலில் வருகிறவர்களுக்கு.

அடுத்த பேட்ச் வைகாசியில் தொடங்குகிறது. நான் இரண்டாம் நிலைக்குப் பணம் கட்டிவிட்டேன், ஆச்சியும் கட்டியிருக்கிறார். போன வாரம் அவர் பேத்தியோடு வீடியோவில் பேசினாராம். 'எல்யூ'வில் உதட்டைக் குவித்து 'யூ' சொல்ல வரவில்லை என்று அந்தப் பிள்ளை பத்துத் தடவை திருத்தியதாம். அடுத்த சனிக்கிழமை அதைச் சொல்லிக்காட்டத்தான் சீக்கிரமே வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.